தாகமெடுத்த தரை

திருமழபாடி நந்தியின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் நடந்தது நடந்தபடி. ஒரு சொல் பொய்யென்று யாராவது காட்டிவிட்டால் என் இரண்டு கண்ணும் அவிந்து போகட்டும். இடது கண்ணில் ஏற்கெனவே புரை விழுந்திருக்கிறது; அதை இந்தச் சத்தியத்தில் சேர்க்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நடந்த இடம் லப்பைக்குடிகாடு, ஜபருல்லா பாய் வீடு. பாய் துபாயில் ஒரு அரபி வீட்டில் வெகுகாலம் டிரைவராக இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். அந்த அரபியின் கூடத்தில் மரத்தரை. டிரைவர் வாசலில் நின்று பார்க்கலாம். உள்ளே கால் வைக்கக் கூடாது. வாசலிலேயே நின்று பார்த்த மனுஷனுக்கு அந்தத் தரை ஊருக்கு வந்த பிறகும் கனவில் பளபளத்திருக்கிறது. மகள் மர்ஜியா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள் என்றதும், தெருப்பக்கத்து அறையை அவளுக்கென்று ஒதுக்கி, அதற்கு மரத்தரை போட்டே தீருவது என்று கிளம்பிவிட்டார்.

"எம் பேரப்புள்ள மொத மொதல்ல காலை ஊனுறது மரத்துல ஊனணும். எவனும் அதை வெளிய நில்லுன்னு சொல்லக் கூடாது" என்றார்.

ஆள் தேடியபோது அகப்பட்டவன் என் தங்கை மகன் கருப்பண்ணன். குரும்பலூரில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறான். கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் செய்வான். தரை போட்டதில்லை. போட்டதில்லை என்று சொல்லும் பழக்கமும் அவனுக்கில்லை. கூடவே நானும் போனேன். பலகையின் மறுநுனியைப் பிடிக்க ஓர் ஆள், வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுத்து அவர் கண் வேலையில் படாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். இரண்டுக்கும் நான் ஒருவனே.

மரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். எல்லா வினையும் அதில்தான் இருந்தது.

அது திருமழபாடிக்குக் கிழக்கே கொள்ளிடக் கரையில் நின்ற மருதமரம். பிறந்த நாள் முதல் ஆற்றுக்குள் காலை விட்டுக்கொண்டு நின்ற மரம். ஒரு வெள்ளத்தில் சாய்ந்தது. கருப்பண்ணன் அதை ஏலத்தில் எடுத்து, பலகையாக அறுத்து, ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பூமிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தான். அந்தப் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சித்திரையில் அங்கே காக்கை நடந்துதான் போகும், பறந்தால் இறக்கை கருகிவிடும். ஆயுசு முழுக்கத் தண்ணீரில் நின்ற மரத்தைக் கொண்டுபோய் அப்படி ஓர் இடத்தில் இரண்டு கோடை போட்டுவைத்தால் அதன் மனசு என்ன பாடுபடும்? இதை நான் அப்போதே கேட்டேன். "மரத்துக்கு ஏது மாமா மனசு?" என்றான் அவன்.

பலகைகளை வண்டியில் ஏற்றிய அன்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். கருப்பண்ணன் பாதி டீயோடு கிளாஸைப் பலகைமேல் வைத்துவிட்டுக் கயிறு கட்டப் போனான். திரும்பி வந்து பார்த்தால் கிளாஸ் காலி.

"ஏன் மாமா, என் டீயையும் சேத்துக் குடிச்சிட்டியா?"

"நான் ஏன்டா குடிக்கிறேன், எனக்குச் சக்கர."

கிளாஸ் விழவில்லை, உடையவில்லை, விரிசலும் இல்லை. உள்ளே ஏடு மட்டும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கப் போனால் கிளாஸ் பலகையை விட்டு வர மாட்டேன் என்றது. கருப்பண்ணன் பெருமையாகத் தட்டிக்கொடுத்தான். "பாத்தியா, என்னமா காஞ்சிருக்கு!" நான் என் கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

அறையில் ஏற்கெனவே மொசைக் தரை இருந்தது. சுவரடியில் சுற்றிலும் அரைச் சாண் உயரத்துக்குக் கறுப்புக் கிரானைட்டில் ஸ்கர்ட்டிங். கண்ணாடி மாதிரி பாலிஷ். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். தரையில் படுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பாய்க்கு அதன் மேல் உயிர்.

தரை போடுவதைக் கருப்பண்ணன் போன் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டான். எங்களுக்கும் காட்டினான். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன் ஏதோ ஒரு பாஷையில் பேசிக்கொண்டே முதல் காரியமாகச் சுவரோரத்து ஸ்கர்ட்டிங்கை நெம்பிப் பிடுங்கிப் போட்டான்.

"அங்கியே நிறுத்து" என்றார் பாய். "அவன் வூட்ல அது மரம், ஆணியடிச்சிருக்கான். எம்வூட்ல இது கல்லு, சிமெண்டுல பொதச்சிருக்கு. பேத்தா சுவரு கூடவே வரும். அதுவும் வாயும் வயிறுமா ஒரு புள்ள வரப்போற வூட்ல கடப்பார சத்தம் கேக்கலாமா? இடிக்கவே கூடாது தம்பி. போடறது பத்தி ஒண்ணுமில்ல."

அது நம் பக்கத்து வழக்கம்தான். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் எதையும் இடிக்க மாட்டோம், தோண்ட மாட்டோம். இதில் பாய் என்ன, நாங்கள் என்ன. "கல்லைத் தொடவே வேண்டாங்க பாய்" என்றான் கருப்பண்ணன்.

வெள்ளைக்காரன் அடுத்து ஒரு வேலை செய்தான். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் சின்னச் சின்னக் கட்டைகளாகச் சொருகிக்கொண்டே போனான். தரை முழுக்கப் போட்டு முடித்தபின் அத்தனை கட்டையையும் பிடுங்கி எறிந்துவிட்டான்.

கருப்பண்ணன் யோசித்தான். யோசிக்கும்போது அவன் கீழுதடு முன்னால் வரும். "கடைசீல புடுங்கி எறியப்போற கட்டையை மொதல்ல ஏன் வெக்கணும்?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பாய்க்கும் பட்டது. "அவனுக்கு வேற வேல இல்ல" என்றார். "ஒரு நூல் சந்துகூட விடாத. சந்து இருந்தா எறும்பு போவும், எறும்பு போன எடத்துல பூரான் போவும். பச்சப்புள்ள பொரளுற எடம்."

அப்படியே போட்டோம். ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் காடியில் ஏறி, நான்கு பக்கமும் கிரானைட்டை முட்டி நின்றது. கடைசிப் பலகை மட்டும் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. நானும் கருப்பண்ணனும் கையைக் கோத்துக்கொண்டு அதன் மேல் ஏறிக் குதித்தோம். இறங்கியது. இறங்கியபோது அறை முழுக்க ஒரு சத்தம் கேட்டது. மூச்சை உள்ளே இழுத்து அடக்கிக்கொண்ட மாதிரி.

"கேட்டியா மாமா?"

"கேட்டேன்."

"என்னவாம்?"

"உங்கிட்ட ஏதோ சொல்லுது. நீதான் மரத்துக்கு மனசில்லன்னியே, நீயே கேட்டுக்க."

மர்ஜியா புரட்டாசியில் வந்தாள். அந்த அறையில் பெரிய தேக்குக் கட்டில் ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். வந்த மறுநாளே அவள் தாயார் ரஷீதாவிடம் சொன்னாளாம்:

"அம்மா, குளிச்சிட்டு வந்தா தரை எங்காலைப் புடிக்குதும்மா. ஈரம் காயற வரைக்கும் விடமாட்டேங்குது."

"வயித்துல புள்ள இருந்தா அப்டித்தான் இருக்கும். நீ வயித்துல இருக்கறப்ப எனக்கு அம்மிக்கல்லு பேசுச்சு."

ரஷீதா அதைச் சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொன்னார். ஆனால் சிரிப்பு சீக்கிரம் நின்றது. சொம்பு கவிழ்ந்தால் தண்ணீர் ஓடுவதற்குள் காணாமல் போயிற்று. கட்டிலடியில் வைத்த வெற்றிலை சருகாயிற்று. ஒரு நாள் பூனை ஒன்று ஜன்னல் வழியாகக் குதித்தது. மழையில் நனைந்த பூனை. நான்கு காலும் தரையில் ஒட்டிக்கொள்ள, அது போட்ட கத்தலில் தெருவே கூடியது. உலர்ந்த பிறகுதான் அதற்கு விடுதலை. அந்தப் பூனை இப்போதும் லப்பைக்குடிகாட்டில் இருக்கிறது. மதில்மேல்தான் நடக்கும், தரையில் இறங்காது.

மர்ஜியா மட்டும் நாளுக்கு நாள் வாய் குறைந்து போனாள். கட்டிலை விட்டு இறங்கும் முன் பாதத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்து, விரலிடுக்கைக்கூடத் துடைத்து, பிறகுதான் காலை வைத்தாள். "அறையை மாத்திக்கிறேன் அத்தா" என்றாளாம் ஒரு தடவை. பாயின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் மறுபடி கேட்கவில்லை.

ஐப்பசி அடைமழை பிடித்தது. காற்றிலேயே தண்ணீர். அறைக்கதவு, தரையோடு சேர்த்துக் கருப்பண்ணனே செய்து கொடுத்தது, உள்பக்கமாகத் திறக்கிற கதவு. அது தரையில் உரச ஆரம்பித்தது. அடிப்பக்கத்தை இழைத்துக் கொடு என்று பாய் கருப்பண்ணனுக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை வருகிறோம், அப்படியே மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துக்கொள்கிறோம் என்று சொன்னது நான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். ரஷீதா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நனைந்த கையோடு, முகம் வெளுத்துப்போய் அறைக்கதவை வெறித்துக்கொண்டு நின்றார்.

"என்னாச்சுங்கக்கா?" என்றான் கருப்பண்ணன்.

"நாளைக்குச் சம்பந்தி வூட்டுக்காரங்க வராங்க தம்பி. அதான் வூட்டைக் கழுவிவிட்டேன்."

"இந்த ரூமையுமா? தண்ணி ஊத்தியா? பாய் ஒண்ணும் சொல்லலியா?"

"துடைச்சா போதும்னாரு. வெள்ளிக்கெழம வூட்டைக் கழுவாம துடைச்சுட்டு வுட்டா அது வூடா, ஆசுபத்திரியா? எல்லா ரூமுக்கும் ஊத்துன மாதிரிதான் ஊத்துனேன்." அவர் குரல் இறங்கியது. "ஊத்துன தண்ணி மூலைத் தூம்பு வழியா வெளிய வரணுமில்ல? வரல. இன்னொரு வாளி ஊத்துனேன். அதுவும் வரல. மாடித் தொட்டி காலியாவுற வரைக்கும் ஊத்துனேன் தம்பி. ஒரு சொட்டு வரல. வெளக்குமாறால தள்ளப் பாத்தா, வெளக்குமாறு காஞ்சு கெடக்கு."

கருப்பண்ணன் என்னைப் பார்த்தான். நான் கதவைப் பார்த்தேன்.

"மர்ஜியா எங்க?"

"உள்ளதான். கட்டில்ல தூங்குறா. எழுப்ப வேணாம்னு கதவைச் சாத்திட்டு வந்தேன்."

அப்போது உள்ளிருந்து ஒரு சத்தம். மழைக்காலத்தில் சாக்குக்குள் இருக்கிற நெல் ஊறி, தையல் ஒவ்வொன்றாக விடும் பாருங்கள், அந்த மாதிரி. டக். சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டக்.

கருப்பண்ணன் கதவைத் தள்ளினான். நகரவில்லை. தோளைக் கொடுத்தான். நானும் கொடுத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் தோள் கொடுப்பது போல் இருந்தது. எங்களைவிடப் பலசாலி.

"ஒடைச்சுடுடா" என்றேன்.

"எப்டி மாமா ஒடைக்கிறது? நான் செஞ்ச கதவு. யானை முட்டினாலும் ஒடையாதுன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

வாழ்க்கையில் அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான், அதுவும் அன்றைக்கு வந்து நின்றது.

வாசல் வழியாக ஓடித் தெருப்பக்க ஜன்னலுக்குப் போனோம். கனமான இரும்புக் கம்பி போட்ட ஜன்னல். உள்ளே பார்த்த ரஷீதா வாயைப் பொத்திக்கொண்டார்.

அறை நடுவில் தரை எழும்பிக்கொண்டிருந்தது. நான்கு பக்கமும் கிரானைட் விடவில்லை; பக்கவாட்டில் போக இடமில்லாத மரம் மேலே போக ஆரம்பித்திருந்தது. முதலில் குதிர் கவிழ்த்த மாதிரி ஒரு மேடு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரட்டுக் குன்று ஒன்று முளைக்கிற மாதிரி ஆயிற்று. அதன் உச்சியில் தேக்குக் கட்டில். கட்டிலில் மர்ஜியா, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, மல்லாந்து. அவளுக்கு மேலே சீலிங் ஃபேன், ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அம்மா" என்றாள், மெதுவாக. சத்தம் போட்டால் தரைக்குக் கேட்டுவிடும் என்பது போல. "ஃபேன் கிட்ட வருதும்மா."

"ஃபேன் வரலடி, நீ போற!" என்று அலறினார் ரஷீதா. "எறங்கு! எறங்கி ஓடியா!"

மர்ஜியா ஒரு காலைக் கீழே விட்டாள். சரிவில் பலகைகளின் மூட்டு வாய் பிளந்து பிளந்து மூடியது. விரல் பட்டதுமே பலகை பற்றிக்கொண்டது, வியர்த்திருந்த கால். அவள் இழுத்த இழுப்பில் கொலுசு அறுந்து அந்த இடுக்கில் விழுந்தது. மூட்டு மூடியது. கொலுசு நொறுங்குகிற சத்தத்தை நான் கேட்டேன். இன்றைக்கும் யாராவது முறுக்குக் கடித்தால் எனக்கு அந்த இடத்தில் இருக்க முடிவதில்லை.

"மாமா, மெயினை அணை!" என்றான் கருப்பண்ணன்.

ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். திரும்பி வந்தால், ஃபேன் ஒரு கணம் தயங்கியது. பிறகு 'கீச்' என்று ஒரு சத்தம், முன்னைவிட ஜோராக ஓட ஆரம்பித்தது.

"இன்வெட்டரு" என்றார் ரஷீதா. அவருக்கு அழுகையே வரவில்லை. "மழைக்காலத்துல புள்ளைக்கு வேர்க்கக் கூடாதுன்னு அவ ரூம்லயே வாங்கி வெச்சாரு."

அலமாரிமேல் பச்சை விளக்கோடு அது உட்கார்ந்திருந்தது. சுவிட்சு போர்டு எதிர்ச் சுவரில். கருப்பண்ணன் பக்கத்து வீட்டில் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியை வாங்கி வந்து கம்பிக்குள் விட்டு, சுவிட்சைத் தட்டப் பார்த்தான். கனம் தாங்காமல் தொரட்டியின் நுனி ஒரு நொடி தாழ்ந்து தரையில் பட்டது. மழையில் நனைந்த மூங்கில். பலகைகள் கவ்வின. அவன் கையிலிருந்து அதை உருவி, மென்று, சிம்பு சிம்பாகத் துப்பின.

இதற்குள் கட்டில் இன்னும் ஏறியிருந்தது. மர்ஜியாவின் நெற்றிமுடி ஃபேன் காற்றில் பறந்தது. அவள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி எங்களைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"என்னம்மா? என்ன சொல்ற?"

"வலிக்குதும்மா."

ரஷீதா ஜன்னல் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டார். "இப்பவா? யா அல்லாஹ், இப்பவா?"

"பனிக்குடம் ஒடஞ்சிருச்சும்மா."

நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் மெத்தையின் விளிம்பைப் பார்த்தோம். தண்ணீர் கீழே இறங்கினால் என்ன ஆகும் என்று தெரியாதவர் அங்கே யாருமில்லை. ரஷீதா தெருவுக்கு வரும்போது போர்த்திக்கொண்ட துப்பட்டியைச் சுருட்டிக் கம்பி வழியாக வீசினார். "அதை அடீல குடுத்துக்கடி! ஒரு சொட்டு கீழ எறங்கக் கூடாது, கேக்குதா?" மர்ஜியா எட்டிப் பிடித்தாள். கை கொஞ்சம் உயர்ந்தபோது ஃபேன் இறக்கை அவள் வளையலைத் தொட்டது. கண்ணாடிச் சில்லு மழையோடு மழையாக எங்கள் முகத்தில் விழுந்தது.

தரை ஓசையே இல்லாமல் காத்திருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம்.

கருப்பண்ணன் அப்போது நெற்றியில் அறைந்துகொண்டான். "மாமா! அந்த வெள்ளைக்காரன் கட்டை!"

"எந்தக் கட்டைடா, இப்பப் போயி!"

"புடுங்குனானே! அது மரத்துக்கு எடம் வுடறதுக்கு மாமா. கட்டை வேணாம், கட்டை இருந்த எடந்தான் வேணும். அது மேல வரது கோவத்துல இல்ல. போவ எடமில்லாம வருது."

ஜும்மா விட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தெரு முழுக்க வெள்ளை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜபருல்லா பாய் வந்தார். ஜன்னலில் ஒரு தடவை பார்த்தார். தொப்பி தலையிலிருந்து நழுவி விழுந்தது, குனிந்து எடுக்கவில்லை.

"அத்தா" என்றாள் மர்ஜியா. மூக்குக்கும் ஃபேனுக்கும் நடுவில் இப்போது ஒரு சாண் இருந்தால் அதிகம். தலையைத் தூக்க முடியாமல், கண்ணை மட்டும் உருட்டி அவரைப் பார்த்தாள். "அத்தா, தரை நல்லாத்தான் இருக்கு. நாந்தான்..." வலி வந்து பேச்சைப் பாதியில் வாங்கிக்கொண்டது.

"பாய், ஸ்கர்ட்டிங்கை ஒடைக்கணும்" என்றான் கருப்பண்ணன். "உள்ள போவ முடியாது. வெளியலேர்ந்து சுவத்து அடியை இடிச்சாத்தான் கல்லு வுடும்."

கூட்டத்தில் ஒரு பெரியவர் தடுத்தார். "வலி கண்ட பொம்பளை உள்ள இருக்கா, சுவத்தை இடிக்கிறதா? ஆவாது ஜபரு. ஆகாத காரியம்."

பாய் அவரை ஒதுக்கிக்கொண்டு சுவரருகே போனார். எங்கிருந்தோ சம்மட்டி வந்தது. கருப்பண்ணன் கையை நீட்டினான். பாய் கொடுக்கவில்லை. "எங் கல்லு" என்றார். "நானே ஒடைக்கிறேன்."

முதல் அடியில் வீடு அதிர்ந்தது, கட்டில் ஆடியது, ரஷீதா கண்ணை மூடிக்கொண்டு ஓதத் தொடங்கினார். அடுத்த அடியில் பூச்சு உதிர்ந்தது. ஒவ்வோர் அடிக்கும் உள்ளே ஃபேன் அவள் தலைமுடியில் ஒரு கொத்தை அறுத்துத் தூற்றியது. செங்கல் பெயர்ந்தது. உள்ளே கறுப்பாகக் கிரானைட்டின் முதுகு தெரிந்தது. பாயின் கை நின்றுவிட்டது. அந்தக் கல்லிலும் அவர் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

"அத்தா!"

அவர் ஓங்கி அடித்தார். கல் பிளந்தது.

ஒரு மூச்சு கேட்டது. நாங்கள் குதித்து இறக்கிய அன்று உள்ளே இழுத்த மூச்சு. அது வெளியே வந்தது. கூட்டத்தில் முன்வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேர் தொப்பியும் பறந்தது. பிறகு சுவரின் அடியிலிருந்து பலகைகள் புறப்பட்டன. நாக்கை நீட்டுகிற மாதிரி, ஒன்றையொன்று விடாமல் கோத்தபடி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டுத் திண்டைத் தாண்டி, வெள்ளாற்றுப் பக்கம் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தன. ஈரம் இருக்கிற திசை அதற்கு எப்படித் தெரிந்ததென்று நான் சொல்ல முடியாது. அறைக்குள் மலை இறங்கியது. கட்டில் இறங்கியது. ஃபேன் காற்றை மட்டும் வெட்டிக்கொண்டு மேலே நின்றது.

சுவரில் விழுந்த ஓட்டை பெரிதாகிக் கட்டிலே வெளியே வந்துவிட்டது. மர்ஜியாவோடு, மெத்தையோடு, தலையணையோடு, பலகைமேல் வழுக்கிக்கொண்டு தெருமுனை வரை போய், யாரோ கூப்பிட்டிருந்த 108 வண்டியின் பின்கதவில் வந்து நின்றது. வண்டியில் இருந்த நர்ஸம்மா இதையெல்லாம் தினம் பார்க்கிறவர் போல, "ஒருக்களிச்சுப் படும்மா" என்றார். வண்டி பெரம்பலூர் ரோடு ஏறுவதற்குள் குழந்தையின் குரல் கேட்டது.

ரஷீதா நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். பாய் சம்மட்டியைக் கீழே வைக்க மறந்து, அதைப் பிடித்தபடியே வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினார். பார்த்தவர்கள் வேறு மாதிரி நினைத்து வழிவிட்டார்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் பாய் வெளியே வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்னங்க பாய்?" என்றான் கருப்பண்ணன். நாள் முழுக்க அவன் உதடு உள்ளே போகவே இல்லை.

"பையன். ரெண்டு பேரும் நல்லாருக்காங்க, அல்ஹம்துலில்லாஹ்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மர்ஜியா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா தம்பி. 'இனிமே எங்க தூங்குறது அத்தா'ன்னா. நீ எங்க சொல்றியோ அங்கம்மா, மொட்டமாடின்னாலும் சரின்னேன்."

"தப்பு எங்க மேலயும்தாங்க."

"கட்டையைப் புடுங்கறதுக்கு முன்னாடி அந்த வெள்ளைக்காரன் என்ன பேசுனான்னு ஒருத்தனாவது கேட்டிருக்கலாம்" என்றார் பாய். அதற்கு மேல் அவர் எங்களைத் திட்டவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு அது விடவே இல்லை. விரலில் ஈரம் இருக்கிறதா என்று நான் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

சொல்ல வேண்டிய விவரம் இன்னும் ஒன்று இருக்கிறது. ஜபருல்லா பாய்க்குப் பெண் பிள்ளை கிடையாது. பிறந்தது மூன்றும் ஆண். யாராவது காட்டுவதற்குள் நானே சொல்லிவிட்டேன், என் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது.